பத்தாம் நாள் மருந்து அடிப்பு

சொந்த வயலுக்கு ஒருநாள் மருந்து அடித்தவர் நன்றாக இருக்கிறார். அதே மருந்தைக் கூலிக்குப் பத்து நாள் தொடர்ந்து அடித்தவர் கண் மங்கி விழுகிறார். ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

நரம்பு தசைக்குச் சேதி அனுப்புவது அசிட்டைல்கோலின் வழியாக. சேர்ந்த சேதியை அழிப்பது அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் போன்ற கரிம பாஸ்பரஸ் மருந்துகள் இந்த நொதியில் ஒட்டி அதை முடக்கிவிடும். சேதி அழியாமல் நிற்பதால் எச்சில் வடியும், கண்பாவை குண்டூசி முனையாகச் சுருங்கும், தசை துடிக்கும். முற்றினால் மூச்சே நிற்கும்.

ஒட்டியது மருந்தைப் பொறுத்துச் சில மணியிலிருந்து ஓரிரு நாளில் இறுகிவிடும். அதன்பின் அந்த நொதி தேறாது, உடம்பு புதிதாகச் செய்ய வேண்டும். இதே நொதி சிவப்பணுவின் மேலும் இருப்பதால் இரத்தத்தில் அளக்கலாம். அழகான விஷயம், சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. புது நொதி செய்ய அதற்கு வழியில்லை. சுமார் 120 நாள் வாழும் பழைய அணு போய்ப் புதியது வந்தால்தான் அளவு ஏறும், நாளுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு. தொடக்க அளவு 100, ஒருநாள் அடிப்பில் அதில் 4 போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்த வயல்காரருக்கு நாலு நாளில் ஈடாகிவிடும். கூலிக்காரருக்குத் தினமும் 4 இறங்கி 1 ஏறும். பத்தாம் நாள் 70தான் மிச்சம். மெதுவாக இறங்குவதால் முதலில் அறிகுறி தெரிவதில்லை. அதைத்தான் "உடம்பு பழகிடுச்சு" என்கிறார்கள். பழகவில்லை, கையிருப்பு கரைகிறது.

டேங்க் மூடி கசிந்து முதுகும் லுங்கியும் நனைவது இன்னும் மோசம். இதே வகையைச் சேர்ந்த பாரத்தியான் மருந்தை மனிதத் தோலில் வைத்துப் பார்த்த ஆய்வில், முன்கையில் உட்புகுந்தது சுமார் 9 விழுக்காடு. விதைப்பையில் ஏறக்குறைய முழுவதும். மூடியின் ரப்பர் வாஷரை மாற்றுங்கள்; அடைத்த நாசிலை வாயால் ஊதாதீர்கள்; நனைந்த துணியை அப்போதே கழற்றிச் சோப்புப் போட்டுக் குளியுங்கள்.

கலிபோர்னியாவில் சிவப்பணு நொதி, பருவத்துக்கு முன் எடுத்த அளவில் 70 விழுக்காட்டுக்கு இறங்கினால் அவரை மருந்து வேலையிலிருந்து விலக்க வேண்டும், 80க்கு ஏறும்வரை. மேலே போட்ட கணக்கில் அது பத்து நாள் கூலி. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பருவத்துக்கு முன் இந்தச் சோதனை வேண்டும். இயல்பளவு ஆளுக்கு ஆள் மாறுவதால், முதல் அளவு இல்லாமல் பின்னால் எடுப்பதைச் சரியாக எடைபோட முடியாது. விலகி இருக்கும் நாட்களுக்குக் கூலியும் தர வேண்டும். தராவிட்டால் சோதனைக்கு யாரும் கை நீட்ட மாட்டார்கள்.