படுத்திருக்கும் நாய்க்கு மூக்கு ஏன் விடைக்கிறது?

"சும்மாதான் படுத்திருக்கு டாக்டர். இருமல்கூட இல்லை, சாப்பாடுதான் இறங்கலை" என்றார் நாயை அழைத்து வந்தவர். ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பே எனக்கு உறுத்தியது. நாய் அசையாமல்தான் கிடந்தது. ஆனால் மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூக்குத் துளைகளும் விடைத்து, வெளிவிடும்போது தொய்ந்தன. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், நெஞ்சுக்குள் நீர் கோத்திருந்தது. "மோப்பம் பிடிக்குதுன்னு நினைச்சேன்" என்றார் அவர்.

மோப்பம் வேறு, விடைப்பு வேறு. மோப்பம் பிடிக்கும் நாய் விட்டுவிட்டு உறிஞ்சும். வாசனை பிடிபட்டதும் நிறுத்திவிடும். விடைப்பு மூச்சோடு மூச்சாக ஓடிக்கொண்டே இருக்கும்.

மூச்சுப் பாதையில் காற்றுக்கு இருக்கும் தடையில் ஏறக்குறைய பாதி மூக்கிலேயே இருக்கிறது. வேகமாக உறிஞ்சினால் மெல்லிய ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளும் இல்லையா, அதேபோல மூக்குமடலும் உள்பக்கம் ஒட்டப் பார்க்கும். அதனால் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மூச்சிழுக்கும் தசை) இறங்குவதற்கு ஒரு நொடியின் சிறு பகுதி முன்னதாகவே மூக்குத் தசைகள் இறுகி வாசலைத் திறந்து வைக்கின்றன. கட்டளை மூளைத்தண்டிலிருந்து முக நரம்பு வழியாக வருகிறது. இரத்தத்தில் கரியமில வாயு கூடினாலோ, ஆக்சிஜன் குறைந்தாலோ, மூச்சுப் பாதைக்குள் உறிஞ்சும் அழுத்தம் அதிகமானாலோ கட்டளை வலுக்கும். நுரையீரல் நிரம்பியதும், அங்கிருந்து மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பு 'போதும்' என்று தகவல் அனுப்ப, தசை தளரும். நுரையீரல் விரிந்தால் மூச்சிழுப்பு நிற்கும் இந்த அனிச்சைச் செயலை ஹெரிங், பிராயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1868-லேயே விவரித்துவிட்டார்கள்.

இந்தத் தசையின் அருமையை எனக்குக் காட்டியது ஒரு குதிரை. தொழிலுக்கு வந்த புதிதில், மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்தபோது தலையில் மாட்டியிருந்த வாரைக் கழற்ற மறந்துவிட்டேன். வாரின் கொக்கி கன்னத்தில் முக நரம்பை அழுத்தியிருக்கிறது. எழுந்து நின்றபோது ஒரு பக்க மூக்குத் துளை தொங்கியது, மேலுதடு மறுபக்கம் கோணிக்கொண்டது. குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது. நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. ஓடவிட்டதும் அந்தத் துளை உள்ளே ஒட்டிக்கொண்டு கரகரத்தது. சில வாரங்களில் சரியாகிவிட்டது, நல்லகாலம். இன்றைக்கும் ஊசியைத் தொடும் முன் என் கை வாரைத்தான் தேடும்.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களின் கதை வேறு. தசை வேலை செய்தாலும் துளையே கீறல்போலத்தான் இருக்கும். சிறு அறுவைச் சிகிச்சையில் அதை அகலப்படுத்தலாம். குறட்டை விடுகிறதே, பயணத்தில் தூங்கட்டுமே என்று நீங்களாகத் தூக்க மருந்து கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்துகளில் உதரவிதானத்தைவிட மேல்மூச்சுப் பாதைத் தசைகள்தான் அதிகம் தளரும்.

முயலின் மூக்கு துடித்துக்கொண்டே இருப்பது இயல்பு. அது தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அவசரம். ஓடியாடாத பூனை வாய் திறந்து மூச்சு வாங்கினாலும் அப்படித்தான்.

மருத்துவமனைக்கு வந்தால் பயத்திலேயே மூக்கு விடைக்கும், எனக்குப் பிரித்துச் சொல்வது சிரமம். அதனால் வீட்டில் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நாய்க்கும் பூனைக்கும் நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் கிளம்பி வாருங்கள். வரும்போது முகத்துக்கு நேராக அரை நிமிட வீடியோ ஒன்று. பின்னால் டிவி சத்தம் கேட்டாலும் பரவாயில்லை, மூக்கு மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும்.