ஸ்விட்ச் ஆஃப்னு ஒரு அக்கா சொல்லுவாங்க

எட்டு வயதுப் பையன். அப்பா மாரடைப்பில் போய் மூன்று மாதம். நான்கு வாரம் என்னிடம் வந்தான். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். வரையச் சொன்னால் மெட்ரோ ரயில் ஒன்றை வரைந்து கொடுத்துவிட்டுக் கிளம்புவான். ஐந்தாவது வாரம், அம்மாவை இழந்த பத்து வயதுச் சிறுமியோடு உட்கார வைத்தேன். (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) பென்சில் சீவிக்கொண்டே அவள் கேட்டாள்:

"உங்கப்பா நம்பருக்கு போன் பண்ணிப் பாப்பியா?"

"ம். ஸ்விட்ச் ஆஃப்னு ஒரு அக்கா சொல்லுவாங்க."

"எங்கம்மா நம்பர்ல இப்ப வேற யாரோ எடுக்கறாங்க. ஹிந்தில பேசறாங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அன்றைக்கு முக்கால் மணி நேரம் பேசினான், அவளிடம். மிச்சப் பென்சில்களை நான் சீவினேன்.

பெரம்பூர் பக்கம் குழந்தைகளுக்கான ஆலோசகராக இருக்கிறேன். துக்கத்தில் இருக்கும் பிள்ளை பெரியவர்களிடம் வாயைத் திறக்காததற்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான். சாவு வீட்டில் என்ன சொல்கிறோம்? "ஆயா தூங்கறாங்க." "அழாதடா, நீ அழுதா அம்மாவும் அழுவாங்க." கொள்ளி வைத்துவிட்டு வந்த பையனிடம், "இனிமே நீதான் வீட்டுக்கு ஆம்பள." சொல்வது பாசத்தில்தான். ஆனால், செத்தவர் திரும்பி வரமாட்டார் என்பதே ஐந்தாறு வயதுவரை முழுதாகப் பிடிபடாது. ஆயா தூங்குகிறாள் என்று கேட்ட பிள்ளை ராத்திரி படுக்கப் பயப்படும். அம்மா அழுவாள் என்று கேட்ட பிள்ளை அம்மாவுக்காகவே ஊமையாகிவிடும்.

கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 5 லட்ச ரூபாய் வைப்புநிதி என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம். நான் பார்த்த வீடுகளில் சான்றிதழ், பாஸ்புக் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள். பிள்ளை ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 1982-ல் தொடங்கியது டகி மையம். மூளைக்கட்டியால் இறந்த 13 வயதுச் சிறுவனின் பெயர் அதற்கு. துக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் அங்கே ஒருவருக்கொருவர் துணை. பெரியவர்கள் கூட இருப்பதோடு சரி. கோபத்தைக் கொட்ட, மெத்தை பதித்த 'எரிமலை அறை' உண்டு. எங்களிடம் இருப்பது ஒரு பழைய மெத்தையும் கிழிக்கச் செய்தித்தாள் கட்டும்தான். மாதம் இரண்டு சனிக்கிழமை, ஆறேழு பிள்ளைகள் குழுவாகக் கூடுவார்கள். பந்து யார் கையிலோ அவர் பேசலாம். பேசப் பிடிக்காவிட்டால் 'பாஸ்'. மூன்று மாதம் பாஸ் மட்டுமே சொன்ன பெண் ஒருத்தி உண்டு. ஒரு சனிக்கிழமைகூட வராமல் இருந்ததில்லை.

ஒருநாள் ஒரு பையன், "கோவத்துல தாத்தாவ செத்துப்போன்னு சொன்னேன், அதான் போயிட்டாரு" என்றான். "நானும் சொல்லிருக்கேன்" என்று இன்னொரு குரல். 'உன் தப்பில்லை' என்று நான் நூறு முறை சொல்லியிருந்தாலும் அந்தப் பையனின் தோள் அப்படித் தளர்ந்திருக்காது.

காரியம் முடிந்த கையோடு பிள்ளையைக் குழுவுக்கு இழுத்து வராதீர்கள். ஓரிரு மாதம் போகட்டும். தற்கொலையைப் பார்த்த பிள்ளை, விபத்தில் கூட இருந்த பிள்ளை என்றால் முதலில் தனியாக ஒரு நிபுணரைப் பார்ப்பது நல்லது. "நானும் அம்மாகிட்ட போறேன்" என்று சொன்னால் குழந்தைப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். அன்றே 14416-க்கு அழையுங்கள்; டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

குழு கிடைக்காத இடத்தில் ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். அதே பள்ளியில் இதேபோல் இழந்த இன்னொரு பிள்ளை இருக்கும். இரண்டு வீட்டிலும் கேட்டுவிட்டு, நூலகத்தில் புத்தகம் அடுக்க இருவரையும் சேர்த்து அனுப்புங்கள். பேசச் சொல்லாதீர்கள்.

பெற்றோருக்கு ஒன்று: கூட்டிப்போகும் வழியில் "உள்ள என்ன பேசுனீங்க?" என்று கேட்காதீர்கள். நல்ல பசியோடு வெளியே வருவார்கள். எங்கள் தெருமுனையில் பஜ்ஜிக் கடை இருக்கிறது.