அடுத்த வாட்ச் வாங்கும் முன், இருக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கள்

மழை தொடங்கிவிட்டது. கண்ணாடிக்குள் நீராவி படிந்த விலையுயர்ந்த வாட்சுகளும் ரிப்பேர் மேசைக்கு வரத் தொடங்கிவிட்டன. மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, எங்கிருந்து வந்தாலும் கதை ஒன்றுதான். கையில் ஏற்கெனவே இரண்டு நல்ல வாட்ச் இருக்கிறது. மூன்றாவதாக இலட்சக்கணக்கில் கொடுத்து இன்னொன்று வாங்கப்பட்டிருக்கிறது. '30 மீற்றர் என்று பின்மூடியிலேயே போட்டிருக்கிறதே, எப்படித் தண்ணீர் போகும்?' என்ற கேள்வியும் கூடவே வருகிறது. இந்தக் கேள்வி வாங்குவதற்கு முன் வந்திருக்க வேண்டும்.

30 மீற்றர் என்றால் 30 மீற்றர் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. புது வாட்ச், புதுக் கேஸ்கெட்டோடு (தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்), பரிசோதனைக் கருவிக்குள் ஆடாமல் அசையாமல் இருந்து தாங்கிய அழுத்தம் அது. '3 பார்', '3 ஏடிஎம்' எல்லாம் அதே அளவுதான். கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீர், குடையைத் தாண்டி வரும் சாரல், அவ்வளவுக்குத்தான் அது. குளிக்க அல்ல, ஆற்றில் இறங்க அல்ல. 50 மீற்றரையும் நம்பி நீந்த வேண்டாம். 100 மீற்றரும், திருகி மூடும் சாவியும் (நேரம் மாற்றப் பக்கத்தில் இருக்கும் குமிழ்) சேர்ந்திருந்தால் நீந்தலாம். முக்குளிப்பவர்களின் வாட்சுக்கு ஐஎஸ்ஓ 6425 என்று தனிச் சர்வதேச நியமமே இருக்கிறது. சாதாரண வாட்சுக்கு ஐஎஸ்ஓ 22810. இரண்டும் ஒன்றல்ல. எண் எதுவானாலும் அது ஆயுள் முழுவதற்கும் சொன்னதல்ல. ரப்பர் காய்ந்து தட்டையாகும். அதன்பிறகு பின்மூடியில் இருப்பது வெறும் எழுத்து.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஜனவரியில் புல்லில் உறைபனி விழும் ஊரில் ஹீட்டர் இல்லாமல் யாரும் குளிப்பதில்லை. வாட்சுக்கு அந்தச் சுடுநீர் ஷவரைவிட மோசமான இடம் இல்லை. இரும்பும் ரப்பரும் ஒரே அளவில் விரிவதில்லை, சவர்க்காரம் ரப்பரைக் கெடுக்கிறது, குளியலறையை விட்டு குளிருக்குள் வந்ததும் வாட்சுக்குள் இருக்கும் காற்று சுருங்கி வெளி ஈரத்தை இழுக்கிறது. அப்படி வந்த வாட்சைத் திறந்தால் முதலில் சாவித்தண்டில், குழாய்க்குள் நுழையும் இடத்தில், பழுப்பாக ஒரு துரு வளையம் தெரியும். அங்கிருந்து சாவியை ஒட்டிய பற்சக்கரங்களுக்குப் பரவும். டயலில் புள்ளி விழும்போது வேலை ஏற்கெனவே பெரிதாகிவிட்டிருக்கும்.

ஆகவே, அடுத்ததை இணையத்தில் தேடும் முன் இருப்பதை மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மீற்றர், சாவி திருகுவதா தள்ளுவதா, தோல் பட்டியா இரும்புச் செயினா என்று ஒரு தாளில் எழுதுங்கள். இங்கே பலரின் பெட்டி ஒரே மாதிரிதான் இருக்கிறது: தோல் பட்டி போட்ட மெல்லிய வாட்ச் ஒன்று, நிறுத்துக் கடிகாரமும் சேர்ந்த குரோனோகிராஃப் ஒன்று. கார்ட்டியே டேங்க்கும் ஜேஜர்-லெகூல்ட்ரே ரிவேர்சோவும் 30 மீற்றர். ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் மூன்வாட்ச் நிலவுக்குப் போயிருந்தாலும் 50 மீற்றர்தான். இவை வைத்திருப்பவர் மூன்றாவதாக இன்னொரு மெல்லிய தோல் பட்டி வாட்சை வாங்கினால், மழை நாளில் கட்ட ஒன்றுமே இல்லை. தோல் பட்டி இந்த ஊரில் பூஞ்சணம் பிடிப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மூன்றாவது இடத்துக்கு வேண்டியது இரும்புச் செயின், திருகுச் சாவி, குறைந்தது 100 மீற்றர். ரொலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் 100 மீற்றர், டியூடர் ‘பிளாக் பே 58’ என்ற மாடல் 200 மீற்றர். விலை குறைவாக வேண்டுமென்றால் சீகோ அல்பினிஸ்ட் இருக்கிறது, அதுவும் 200 மீற்றர். 1959இல் மலையேறுபவர்களுக்காகவே தொடங்கிய வரிசை அது. பெயர் பெரிதா சிறிதா என்பது உங்கள் பணப்பை. சாவி திருகுகிறதா என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். வாங்கியபின் அதைத் திருகி மூட மறந்தால் 200 மீற்றரும் வீண்.

மூன்று வாட்சை மாற்றி மாற்றிக் கட்டுபவர் ஓட்ட இருப்பையும், அதாவது கழற்றி வைத்தபின் எத்தனை மணிநேரம் ஓடும் என்பதையும், பார்க்க வேண்டும். 38 மணிநேர மெஷினை வெள்ளி மாலை ஆறு மணிக்குக் கழற்றி வைத்தால் ஞாயிறு காலை எட்டுக்கு நின்றுவிடும். 70 மணிநேரம் என்றால் திங்கள் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கும். நின்றால் மெஷின் கெடாது. அதற்காக வாட்சைச் சுழற்றி ஓடவைக்கும் சுழல்பெட்டி வாங்கிச் செலவழிக்க வேண்டாம். நின்றதை மறுபடி ஓடவிடும்போது முள் இரவு ஒன்பதுக்கும் அதிகாலை மூன்றுக்கும் இடையில் இருந்தால் திகதியை மாற்றாதீர்கள். முதலில் முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுவாருங்கள். திகதிப் பல் உடைந்து வருபவை குறைவில்லை.

பட்டி இணையும் இடத்தின் அகலம் இருக்கும் வாட்சுகளோடு ஒத்துப்போனால், உதாரணமாக 20 மில்லிமீற்றர், ஒரே பட்டிகளை எல்லாவற்றுக்கும் போடலாம். கொக்கியில் நுண்ணிய சரிசெய்தல் இருக்கிறதா பாருங்கள். பண்டாரவளைக் குளிரில் தளர்ந்து ஆடும் செயின், கொழும்பில் இறங்கியதும் கையை இறுக்கும்.

பழைய வாட்ச் வாங்குபவர்களுக்கு: விளிம்புகள் கூர்மையிழந்து உருண்டிருந்தால் அதிகமாகப் பாலிஷ் போட்டது. அழுத்தப் பரிசோதனை செய்து தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் அந்த விலைக்கு வேண்டாம். பெற்றரி மாற்றியபின் கேஸ்கெட்டைப் பார்க்காமல், சிலிக்கோன் கிரீஸ் தடவாமல் பின்மூடியை அழுத்தி மூடுபவரிடம் மறுபடி போகாதீர்கள்.

இதையெல்லாம் மீறி உள்ளே நீராவி தெரிந்தால், தானாக மறைந்துவிட்டதே என்று விடாதீர்கள். ஈரம் உள்ளேதான் இருக்கிறது. அரிசிக்குள் புதைக்க வேண்டாம், மாவுத்தூள்தான் சாவி இடுக்கில் சேரும். அடுப்பருகே வைக்க வேண்டாம், மெஷினில் இருக்கும் எண்ணெய் இடம் மாறும். சாவியை இழுத்துப் பார்க்காமல், கையில் கட்டாமல், அன்றைக்கே திறந்து உலர்த்தக் கொடுங்கள். தயவுசெய்து, அடுத்த கிழமை பார்க்கலாம் என்று மட்டும் வைக்காதீர்கள்.