ரசிகரின் வசூல் கணக்கில் விடுபட்டுப்போகும் ஆள்

அனிமேஷன் படம் ஒன்றின் இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்ட அன்றே, "இது 100 கோடி டாலரைத் தாண்டும்" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். படம் வர இன்னும் ஒன்றரை வருடம் இருக்கும். கதை என்னவென்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த எண் அன்றைக்கே பிறந்துவிடுகிறது. நாலு பேர் அதைப் பகிர்கிறார்கள், நாற்பது பேர் அதற்காகச் சண்டை போடுகிறார்கள்.

திரையரங்க நிறுவனம் ஒன்றுக்கு வசூல் கணித்துச் சொல்வது என் வேலை. எந்தப் படத்துக்கு எத்தனை திரை, காலைக் காட்சி வேண்டுமா, எத்தனை ஊழியர்கள் வரவேண்டும் என்பதெல்லாம் அந்தக் கணிப்பை வைத்துத்தான் முடிவாகும். ரசிகர்களின் கணிப்புகளையும் விடாமல் படிப்பேன். அவற்றில் உழைப்பு இருக்கிறது, அன்பு இருக்கிறது. ஆனாலும் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், எங்கள் குழுவில் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி.

ஓர் அனிமேஷன் படத்தின் முதல் பாகத்தை அவன் வசனத்தோடு மனப்பாடமாகச் சொல்லுவான். இரண்டாம் பாகம் வந்தபோது, முதல் வார இறுதி வசூல் ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தாண்டும் என்று கணிப்பு பலித்தால் பணம் தரும் பந்தயத் தளம் ஒன்றில் பணம் கட்டியிருக்கிறான். மூன்று மாதச் சம்பளம். வெள்ளிக்கிழமை எண் நன்றாகவே வந்தது. சனிக்கிழமை ஏறவில்லை. ஞாயிறு இறங்கிவிட்டது. திங்கட்கிழமை என்னிடம் வந்து, "அக்கா, எனக்குத் தெரிஞ்ச எல்லாரும் பார்த்தாங்களே" என்றான்.

'எனக்குத் தெரிந்த எல்லோரும்' என்ற இடத்தில்தான் கணக்கு தவறுகிறது.

அனிமேஷன் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு டிக்கெட் எடுப்பவர்களில் பெரும்பகுதி ரசிகர்கள் இல்லை. சனிக்கிழமை காலை, "இன்றைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது?" என்று யோசிக்கிற அம்மாவோ அப்பாவோதான். அவர்கள் ஒரு டிக்கெட் எடுப்பதில்லை, மூன்று நான்காக எடுப்பார்கள். முன்பதிவும் அதிகம் செய்யமாட்டார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் திட்டம் மாறிவிடும், மழை பெய்தால் வேறு விதமாக மாறும். வெள்ளி இரவில் வருகிறவர் ரசிகர். அமெரிக்காவில், படம் வெளியாவதற்கு முந்தைய நாளான வியாழக்கிழமை நடத்தும் முன்னோட்டக் காட்சிகளின் வசூலையும் வெள்ளிக்கிழமைக் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள் என்பதால், அந்த முதல் எண் ரசிகர்களால் வீங்கித் தெரியும். குடும்பங்கள் வருகின்றனவா என்று சனி பகல் காட்சிகளைப் பார்த்தால்தான் தெரியும். அப்புறம், ஞாயிறு காலையில் வெளியாகும் வார இறுதி வசூல்கூட முழுக் கணக்கு கிடையாது. ஞாயிறு வசூலை மதிப்பிட்டுச் சேர்த்த எண் அது. உண்மைக் கணக்கு திங்கட்கிழமைதான் வரும்.

குடும்பத்தை எண்ணாமல் விட்டால் கணிப்பு இரண்டு பக்கமும் தவறும். 2024 ஜூனில் 'இன்சைட் அவுட் 2' வந்தபோது, முதல் வார இறுதியில் வட அமெரிக்காவில் 8, 9 கோடி டாலர் வரும் என்றுதான் தொழிலில் பலரும் சொன்னார்கள். நானும் அதை ஒட்டித்தான் திரைகளை ஒதுக்கச் சொன்னேன். வந்தது 15 கோடிக்கு மேல். உலக அளவில் சுமார் 170 கோடி டாலரில் போய் நின்றது. சனிக்கிழமை மதியம் இடமில்லாமல் குழந்தைகளோடு திரும்பிப் போன குடும்பங்களை நான் நேரில் பார்த்தேன். அது என் கணிப்பில் நேர்ந்த பிழை, இன்றும் மனதில் உறுத்துகிறது.

எதிர்த்திசையில் 2014இல் வந்த 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன் 2'. முதல் பாகத்தை எல்லோரும் கொண்டாடியதால் எதிர்பார்ப்பு எகிறியிருந்தது. முதல் வார இறுதி 5 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக நின்றதும், படத்தைத் தயாரித்த டிரீம்வொர்க்ஸ் அனிமேஷன் நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. இத்தனைக்கும் முதல் பாகத்தின் தொடக்கம் 4.4 கோடிதான். வட அமெரிக்க மொத்த வசூல் முதல் பாகத்தைவிடக் குறைந்தது என்பது உண்மை. ஆனால் உலக வசூல் ஏறக்குறைய 49 கோடியிலிருந்து 62 கோடியாக உயர்ந்தது. இதைத் தோல்விப் படம் என்று சொன்னவர்கள் எதோடு ஒப்பிட்டுச் சொன்னார்கள்? படத்துக்கு வெளியே யாரோ வைத்த ஓர் எண்ணோடு.

என்னைக் கேட்டால், கணிப்பு தவறுவதால் வரும் பெரிய கெடுதல் இதுதான். பலநூறு ஓவியர்கள் மூன்று நான்கு வருடம் உட்கார்ந்து செய்த வேலைக்கு, ரசிகர் ஆசையில் சொன்ன ஓர் எண் அளவுகோலாகிவிடுகிறது. அதைத் தொடாவிட்டால் வெள்ளிக்கிழமை இரவே 'ஃபிளாப்' என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். 2022 கிறிஸ்துமஸுக்கு வந்த 'புஸ் இன் பூட்ஸ்: தி லாஸ்ட் விஷ்' படத்தின் முதல் வார இறுதி வெறும் 1.2 கோடி டாலர். 2011இல் வந்த முதல் பாகம் 3.4 கோடியில் தொடங்கியிருந்தது. அந்த வாரம் அமெரிக்காவில் கடும் பனிப்புயல் வேறு. படம் முடிந்தது என்றார்கள். பார்த்தவர்கள் அடுத்தவரிடம் சொன்னார்கள், குடும்பங்கள் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் வட அமெரிக்காவில் மட்டும் 18 கோடி டாலருக்கு மேல், முதல் பாகத்தைவிட அதிகமாக. தொடக்கத்தைப்போல் 15 மடங்கு! சாதாரணமாக மூன்று மடங்கு வந்தாலே நல்ல ஓட்டம் என்போம்.

சரி, எதைப் பார்த்துக் கணிப்பது? ட்ரெய்லர் பார்வைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே ரசிகர் இருபது முறை பார்ப்பார். வீட்டில் குழந்தைகள் முதல் பாகத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்களா என்பது அதைவிட நல்ல அடையாளம். 2016இல் வந்த 'மோவானா', ஏழு வருடம் கழித்து 2023இல் அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கில் மிக அதிக நேரம் பார்க்கப்பட்ட படம் என்று, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்கு சொன்னது. அந்தக் குழந்தைகள் யாரும் இணையத்தில் வாதம் செய்யவில்லை. 2024இல் இரண்டாம் பாகம் வந்ததும் முதல் ஐந்து நாளில் வட அமெரிக்காவில் சுமார் 22 கோடி டாலர் வசூலானது. அடுத்து, நம் வட்டம் உலகம் ஆகாது என்பதைச் சீன அனிமேஷன் படமான 'நே ஜா 2' காட்டியது. 2025இல் 200 கோடி டாலரைத் தாண்டிய அந்தப் படத்தின் வசூலில் மிகப் பெரும்பகுதி சீனாவுக்குள்ளேயே வந்தது.

லாபக் கணக்குப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வசூல் முழுவதும் தயாரித்தவர் கைக்குப் போகாது. அமெரிக்காவில் ஏறக்குறைய பாதி திரையரங்குக்கு. சீனாவிலிருந்து ஹாலிவுட் நிறுவனத்துக்குத் திரும்புவது நாலில் ஒரு பங்குதான். விளம்பரச் செலவு தனி. தயாரிப்புச் செலவை வசூல் தாண்டியதுமே 'லாபம்' என்று எழுதுவது சரியில்லை.

பணம் கட்டுவதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. படத்தின் வசூலை வைத்து முன்பேர வணிகம் நடத்துவதை, அதாவது வரப்போகும் வசூலுக்கு இன்றே விலை பேசி வாங்கி விற்பதை, அமெரிக்கா 2010இல் டாட்-ஃபிராங்க் என்ற நிதித்துறைச் சீர்திருத்தச் சட்டத்திலேயே தடை செய்தது. அதற்கு முன் அந்த நாட்டுச் சட்டம் இப்படிப் பெயர் சொல்லித் தடுத்திருந்த ஒரே பொருள் வெங்காயம், 1958இல். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்தது வெளியே இருப்பவருக்குத் தெரியாது என்ற பயம் அந்தத் தடைக்குப் பின்னால் இருந்தது. அந்தப் பயம் நியாயமானது. எத்தனை காட்சிகள் நிரம்பியிருக்கின்றன என்று என் மேஜைக்கு மணிக்கு ஒரு முறை தகவல் வரும். ஒரு ரசிகரிடம் இருப்பது முதல் பாகத்தின் மீதுள்ள பிரியம் மட்டும்தான். அப்படிப்பட்டவர் என்னைப்போன்ற ஒருவருக்கு எதிரே உட்கார்ந்து பணம் வைக்கக் கூடாது.

தம்பி இப்போதும் கணிக்கிறான், பணம் கட்டுவதில்லை. ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் 'இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை' என்று தேதி போட்டு நோட்டில் எழுதுகிறான். சனிக்கிழமைகளில் அலுவலகத்துக்கு வருவதற்கு முன் திரையரங்க வாசலில் அரை மணி நேரம் நின்று, எத்தனை குழந்தைகள் உள்ளே போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வருகிறான். போன மாதம் என் கணிப்பைவிட அவனுடையது உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.