தியேட்டரில் குழந்தை தூங்கிவிட்டால் காதும் தூங்கிவிடுமா?

பெரிய நடிகர் படம் வெளியான வாரக் கடைசி முடிந்து வரும் திங்கட்கிழமைகளில், எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவு ஓ.பி.யில் ஒரே மாதிரியான புகாரோடு சில குடும்பங்கள் வருவார்கள். "நேத்து ராத்திரியிலேர்ந்து தூங்கவே மாட்டேங்குறான் டாக்டர், காதைக் கொஞ்சம் பாருங்க." எங்கேயாவது வெளியே போயிருந்தீர்களா என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அப்புறம் பாட்டிதான் மெதுவாகச் சொல்வார், "படத்துக்குப் போயிருந்தோம்மா."

இந்த வாரம் வந்த குழந்தைக்கு ஐந்து மாதம். ஞாயிறு இரவுக் காட்சி. கடைசி நேரத்தில் புக் செய்ததால் திரைக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்ததாம். காலையில் குக்கர் விசிலுக்கே தூக்கிவாரிப் போட்டு அழுதிருக்கிறது. பார்த்தேன். செவிப்பறை நன்றாக இருந்தது, உள்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ. சோதனையும் சரியாகவே வந்தது. சொன்னதும் குழந்தையின் அப்பா கேட்டார்: "அப்ப பிரச்சினை ஒண்ணும் இல்லல்ல டாக்டர்? படம் முழுக்கத் தூங்கிட்டுத்தானே இருந்தான்."

அந்தக் கடைசி வரியை இனிமேல் ஒருமுறைகூடக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று நாங்கள் எப்படிச் சோதிக்கிறோம் தெரியுமா? தூங்க வைத்துத்தான். காதிலிருந்து மூளைத்தண்டு வரை ஒலி போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் பேரா (BERA) சோதனைக்கு நாள் குறித்துக் கொடுக்கும்போது அம்மாக்களிடம் சொல்லி அனுப்புவோம்: காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், வரும் வழியில் தூங்க விடாதீர்கள், இங்கே வந்து பால் கொடுத்துத் தூங்க வையுங்கள். குழந்தை நன்றாக அசந்த பிறகு தலையில் சின்னச் சின்ன எலக்ட்ரோடு ஒட்டி, காதுக்குள் 'டிக் டிக்' என்று ஒலியை அனுப்புவோம். உள்காது அதை வாங்கி, நரம்பு வழியாக மூளைத்தண்டு வரைக்கும் கொண்டு போவது திரையில் அலை அலையாகத் தெரியும். குழந்தை விரலைக்கூட அசைத்திருக்காது. தூக்கத்தில் காது வேலை செய்யாது என்றால், உலகத்தில் எந்தக் குழந்தைக்கும் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது.

தூக்கத்தில் ஓய்வெடுப்பது மூளையின் கவனம். காதுக்குள் வரும் ஒலியின் அழுத்தம் அப்படியேதான் வருகிறது. முழித்திருக்கும் குழந்தையின் உள்காதில் எவ்வளவு இறங்குமோ, அதே அளவு தூங்கும் குழந்தையின் உள்காதிலும் இறங்கும். இன்னொன்றும் உண்டு. சின்னக் குழந்தைகள் வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாத அளவுக்குப் போனால் சில நேரம் அப்படியே தூக்கத்துக்குள் போய்விடுவார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது நிம்மதியான தூக்கமாகத் தெரியும். அழுகிற குழந்தையையாவது யாராவது தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போகிறார்கள். தூங்குகிற குழந்தைதான் டைட்டில் கார்டிலிருந்து கடைசி வரைக்கும் உள்ளே இருந்து அத்தனையையும் காதில் வாங்குகிறது.

எவ்வளவு சத்தம் என்று கேட்பீர்கள். சினிமா ஒலி அமைப்பின் வழக்கப்படி, திரைக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 85 டெசிபலை அளவாக வைத்துச் சரிசெய்வார்கள். தியேட்டரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவியான ப்ராசஸரில் அதற்கு 7 என்று எண். இந்த அமைப்பில் ஒரு ஸ்பீக்கர் உச்சமாக 105 டெசிபல் வரை போகலாம், அதிர்வுக்கென்று இருக்கும் சப்வூஃபர் 115 வரை. படம் முழுக்க அப்படி இருக்காது. வசனக் காட்சிகள் தணிவாகத்தான் போகும். ஆனால் நம் ஊரில் வாரக் கடைசிக் கூட்டம் எந்தப் படத்துக்குப் போகிறது? அறிமுகக் காட்சியும் இடைவேளைச் சண்டையும் குத்துப்பாட்டும் இருக்கிற படத்துக்குத்தான். அதன் மேல் விசில், கைதட்டல், கூச்சல்.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு கிடையாது. 3 கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. 85க்கும் 100க்கும் நடுவே கிட்டத்தட்ட 32 மடங்கு வித்தியாசம். தொழிற்சாலையில் வேலை செய்யும் பெரியவர்களுக்காக அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH) வைத்திருக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். 100 டெசிபல் என்றால் அந்த வரம்பு 15 நிமிடத்தில் முடிந்துவிடும். போனில் பாட்டுக் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்கிறது. குழந்தைகளுக்கு அதையே 75 என்று குறைக்கிறது. கைக்குழந்தையின் காதுக்குழாய் சின்னது, குறுகலானது. அதனால் கீச்சென்ற ஒலிகள் நமக்கு எட்டுவதைவிட அதன் செவிப்பறையில் கூடுதல் அழுத்தத்தோடு விழுகின்றன.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு படம் பார்த்ததால் குழந்தைக்குக் காது கேட்காமல் போய்விடும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் சோதனை 'நார்மல்' என்று வந்துவிட்டதால் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2009இல் எலிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், பெரிய சத்தத்துக்குப் பிறகு செவித்திறன் பழையபடி திரும்பிய எலிகளிலும் உள்காதின் செல்களை நரம்போடு இணைக்கும் இடங்கள் நிரந்தரமாக அழிந்திருந்தன. மனிதர்களின் உள்காது செல்களும் ஒருமுறை போனால் மறுபடி முளைப்பதில்லை. இந்தச் சேதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். மாதம் இரண்டு படம், அப்புறம் கல்யாண வீட்டுச் செண்டை மேளம், கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர், தீபாவளி வெடி. எல்லாவற்றையும் அதே காதுதான் வாங்குகிறது.

எங்கள் ஓ.பி. வாசலில் காது கேட்காத குழந்தைக்கு உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சைக்காகக் காத்திருக்கும் பெற்றோர்களும் உட்கார்ந்திருப்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் செய்துவிட வேண்டும் என்று ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள். அவர்களைத் தாண்டித்தான், நன்றாகக் காது கேட்கும் குழந்தையைத் தியேட்டரிலிருந்து கொண்டு வருகிறார்கள். எனக்குக் கோபம் வருவதில் வியப்பில்லை.

"யு சர்டிபிகேட் படம்தானே" என்பார்கள். அந்தச் சான்றிதழ் காட்சிகளையும் வசனத்தையும் பார்த்துக் கொடுப்பது. இப்போது யுஏ பிரிவையே 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் அதில் எதுவும் சத்தத்தைப் பற்றியது அல்ல.

சரி, என்ன செய்யலாம்? ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையைத் தியேட்டருக்குத் தூக்கிப் போகாதீர்கள். இதில் பேரமே கிடையாது. பல தியேட்டர்களில் மூன்று வயதுக்குக் கீழ் டிக்கெட் கேட்பதில்லை என்பதெல்லாம் ஒரு காரணமா? பெரிய குழந்தை என்றால் சத்தத்தைத் தடுக்கும் இயர் மஃப், அதன் தலை அளவுக்குச் சரியாக உட்காருவதாகப் பார்த்து வாங்குங்கள். பாட்டுக் கேட்கும் ஹெட்போன் அதற்கு உதவாது. பஞ்சு வைப்பது வீண், பாஸ் சத்தத்தை அது தடுக்கவே தடுக்காது. சின்னக் குழந்தைக்குக் காதில் திணிக்கும் இயர் பிளக் வேண்டாம், பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும். திரைக்குப் பக்கத்திலும் சுவர் ஓரத்திலும் ஸ்பீக்கர் இருக்கிறது, கடைசி வரிசைக்குப் பின்னாலும் இருக்கிறது. நடுப்பகுதியில் இடம் பிடியுங்கள். குழந்தை காதைப் பொத்தினால், முகத்தை உங்கள் மார்பில் புதைத்தால், "போலாம்மா" என்றால், எழுந்து வெளியே வந்துவிடுங்கள். "பழகிடுவான்" என்று உட்கார வைக்காதீர்கள். காது சத்தத்துக்குப் பழகுவது கிடையாது.

வீட்டுக்கு வந்த பிறகு காதில் 'ஙொய்' என்று கேட்கிறது, அடைத்த மாதிரி இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் அமைதியான இடத்தில் ஓய்வு கொடுங்கள். மறுநாளும் இருந்தால் அழைத்து வாருங்கள். காய்ச்சிய நல்லெண்ணெயை மட்டும் தயவுசெய்து ஊற்றாதீர்கள். பாட்டிமார்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

காதோடு சம்பந்தமில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன்: நான்கு வயதுக்குள் பாப்கார்ன் கொடுக்காதீர்கள். இருட்டில், சிரிக்கும்போது, பொரியாத சோளம் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதை எடுக்க மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ப்ராங்கோஸ்கோபி செய்ய வேண்டியிருக்கும்.

அம்மாக்களிடம் ஒரு வார்த்தை. பிரசவத்துக்குப் பிறகு மாதக் கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் வெளியே போக ஆசைப்படுவதில் தப்பே இல்லை. நீங்கள் போங்கள். குழந்தையைப் பாட்டியிடமோ கணவரிடமோ விட்டுவிட்டுப் போங்கள். அப்பாக்களே, நீங்கள் ஒரு காட்சி, அவர்கள் ஒரு காட்சி என்று மாற்றிக்கொள்ள முடியாதா? யாருமே இல்லை என்றால், பெரும்பாலான படங்கள் சில வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. வீட்டில் ரிமோட் உங்கள் கையில் இருக்கும்.

தியேட்டர் நடத்துகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2022இல் திருவனந்தபுரத்தில் கேரள அரசின் கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர் வளாகத்தில், அழும் குழந்தையோடு உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் படம் பார்க்கத் தனி அறை கட்டினார்கள். பிரிட்டனில் பல தியேட்டர்களில் கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கென்றே காட்சி இருக்கிறது. சத்தம் குறைவு, விளக்கு முழுக்க அணையாது, குழந்தை அழுதால் யாரும் திரும்பி முறைப்பதில்லை. இங்கே அதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. ப்ராசஸரில் 7இல் இருப்பதை 4க்கு இறக்கினால் 10 டெசிபல் குறைந்துவிடும். மாதம் ஒரு ஞாயிறு காலைக் காட்சியை அப்படிப் போட்டுப் பாருங்கள். எங்கள் ஓ.பி.க்கு வரும் குடும்பங்களுக்கு நானே சொல்லி அனுப்புகிறேன்.