தீம் ஹாலுக்கு டிக் போடும் முன்

அமெரிக்காவில் இளங்கலைக்கு இடம் கிடைத்த பிள்ளைகளோடு என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோர், விடுதி ஃபார்ம் நிரப்பும்போது பெரும்பாலும் கேட்பது இதுதான்: தீம் ஹால் (கலை, மரபு என்று ஏதாவது ஒன்றை மையமாக வைத்து நடக்கும் விடுதி) கேட்டால் நல்ல ரூம் கிடைக்குமா? ரூமுக்காக என்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கார்னெல் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ரிஸ்லி என்ற பழைய கட்டடம் 1970-லிருந்து கலை ஆர்வம் உள்ளவர்களுக்கான விடுதி. உள்ளேயே ஒரு நாடக அரங்கு, அதை நடத்துவதும் மாணவர்கள்தான், எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு பணம் என்று கூட்டம் போட்டு வாக்கெடுத்து முடிவு செய்வதும் அவர்கள்தான். நடிக்க ஆள் இருந்தால் மட்டும் போதாது, செட் போடவும் ஒத்திகை முடிந்து நாற்காலி அடுக்கவும் ஆள் வேண்டுமே. கதவைச் சாத்திக்கொண்டு கோடிங் மட்டும் செய்யப்போகிற பிள்ளைக்கு அங்கே சத்தம்தான் மிஞ்சும். அவனுக்குச் சாதாரண விடுதியே சுகம், அதில் ஒரு குறையும் இல்லை.

இன்னொரு தயக்கத்தைச் சுற்றி வளைத்துத்தான் கேட்பார்கள்: ஓர் இனத்தின் மரபுக்கான விடுதியில் நம் பிள்ளை சேரலாமா? 1969-ல் கறுப்பின மாணவர்கள் வில்லர்ட் ஸ்ட்ரெய்ட் ஹால் என்ற மாணவர் மையக் கட்டடத்தைக் கைப்பற்றிப் போராடிய அதே வளாகத்தில் 1972-ல் தொடங்கியது கறுப்பின மரபுக்கான உஜாமா விடுதி, பூர்வகுடி மரபுக்கென்றே கட்டிய அக்வேகோன் 1991-ல் வந்தது. இரண்டிலும் எந்த மாணவரும் சேரலாம், நம் பிள்ளையும்தான். வேடிக்கை பார்க்க மட்டும் போகக்கூடாது. அங்கே இனம், நிலம், அநீதி என்று நள்ளிரவு வரை பேச்சு ஓடும்போது உங்கள் ஊரில் சாதி எப்படி என்று நம் பிள்ளையையும் கேட்பார்கள், மழுப்பாமல் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.

அப்புறம் இந்த ஆர்.ஏ. (ரெசிடென்ட் அட்வைசர்) விஷயம். அவர் நம் ஊர் வார்டன் இல்லை, அங்கேயே தங்கிப் படிக்கும் ஒரு மூத்த மாணவர். ரூம்மேட் சண்டையைப் பேசித் தீர்க்க உதவுவார், பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டமாட்டார். அண்ணன், அக்கா மாதிரிப் பழகுகிறார் என்று எல்லாவற்றையும் அவரிடம் கொட்டும் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பாலியல் தொல்லை போன்றவற்றைக் கேள்விப்பட்டால் மேலே தெரிவிக்கும் கடமை பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஆர்.ஏ.வுக்கு உண்டு. ரகசியமாகப் பேச வேண்டுமென்றால் வளாகத்தின் கவுன்சலரிடம் போகட்டும்.

ஃபார்ம் அனுப்பும் முன், அந்த விடுதியில் இப்போது இருக்கும் மாணவர் யாரிடமாவது பிள்ளையே விசாரிக்கட்டும்: வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை இருக்கும், கூட்டத்துக்கு வராவிட்டால் என்ன ஆகும், தனிக் கட்டணம் உண்டா. அப்பா விசாரித்தால் அழகான பதில்தான் வரும்.