சாக்ஸபோனின் ஒலி எங்கிருந்து வருகிறது?

"ஒலி நல்லா இருக்கிற சாக்ஸபோன் ஆல்பம் எது சார்?" ஜாஸ் பக்கம் புதிதாக வந்திருக்கும் மும்பை மாட்டுங்கா, செம்பூர் நண்பர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். கூடவே டிஜிட்டல் பதிவின் நுணுக்கம் 16 பிட்டா, 24 பிட்டா என்ற விசாரணை. பிட் கணக்கு அப்புறம் இருக்கட்டும். மைக்கை எங்கே வைத்தார்கள் என்பதுதான் முதல் விஷயம்.

1846இல் பாரிஸில் அடால்ஃப் சாக்ஸ் காப்புரிமை வாங்கிய இந்தக் கருவி, நாகஸ்வரம் போலவே ஒரு கூம்பு. அங்கே இரட்டை நாக்குச் சீவாளி, இங்கே ஒற்றை நாணல் தட்டை. கூம்புக் குழாயில் அடிப்படை அதிர்வோடு அதன் 2, 3, 4 மடங்கு மேற்சுரங்கள் எல்லாமே எழும். உருளைக் குழாயான கிளாரினெட்டிலோ கீழ்ஸ்தாயியில் ஒற்றைப்படை மடங்குகளே ஓங்கி நிற்கும். சாக்ஸபோன் வகைகளில் தாழ்ந்த குரல் கொண்ட டெனரின் ஸ்வரங்கள் ஏறக்குறைய 100 முதல் 660 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். ஆனால் வாசிப்பவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் மேற்சுரங்களும் மூச்சின் சரசரப்பும் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை போகும்.

ஒலி முழுக்கக் கருவியின் அகன்ற வாயிலிருந்துதான் வருகிறது என்று தோன்றும். எல்லாத் துளைகளையும் மூடி வாசிக்கும் ஆகக் கீழ் ஸ்வரத்துக்குத்தான் அது பொருந்தும். மற்ற ஸ்வரங்களில், திறந்திருக்கும் முதல் சில துளைகளிலேயே அடிப்படை அதிர்வு பெருமளவு வெளியேறிவிடுகிறது; உச்ச மேற்சுரங்கள் மட்டும் துளைகளைத் தாண்டி ஓடி வாய் வழியே கிளம்புகின்றன. வாய்க்குள் மைக்கைத் திணித்தால் காது கூசுவது இதனால்தான். கல்யாண ரிசப்ஷனில் அனுபவித்திருப்பீர்கள். சற்றுத் தள்ளி, வாய்க்கும் துளைகளை மூடித் திறக்கும் சாவிகளுக்கும் நடுவே பார்க்கும்படி வைத்தால் கருவி முழுசாகக் கேட்கும். ரொம்பத் தள்ளினால் அறையின் எதிரொலி முந்திக்கொள்ளும்.

இதைக் காதால் சரிபார்க்க என் முதல் சிபாரிசு, டெனர் கலைஞர் சோனி ரோலின்ஸின் 'வே அவுட் வெஸ்ட்' ஆல்பம். 1957 மார்ச் 7, லாஸ் ஏஞ்சலிஸ், விடியற்காலை 3 மணிக்குத் தொடங்கிய பதிவு. ரெக்கார்டுகளைப் பார்சல் கட்டி அனுப்பும் அறைதான் ஸ்டூடியோ! ஒலிப்பதிவாளர் ராய் டுனான் நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்குகளை வைத்தார். அவற்றின் மின்குறியே வலுவாக இருந்ததால் மைக்கின் மின்குறியை முதலில் பெருக்கித் தரும் தனி முன்பெருக்கி இல்லாமலே பதிந்தார். பியானோவும் கிடையாது. டெனர், டபுள் பாஸ், டிரம்ஸ் மட்டும். ஒரே ஸ்வரவரிசையில் சாவிகளின் மெல்லிய 'டக்', நாக்கின் வெட்டு, நுரையீரலின் அளவு எல்லாம் பிடிபடும். (இதே ரோலின்ஸ் 1960களின் பிற்பகுதியில் நம்ம பவாய் ஆசிரமத்தில் சுவாமி சின்மயானந்தரிடம் வந்து தங்கியவர்.) அதே டுனான், அதே ஆண்டு ஜனவரியில் பதிந்த 'ஆர்ட் பெப்பர் மீட்ஸ் த ரிதம் செக்‌ஷன்', டெனரைவிடக் குரல் உயர்ந்த ஆல்டோ சாக்ஸபோனுக்கு.

மென்மை வேண்டுமானால் 1963இல் பதிவான 'கெட்ஸ்/ஜில்பெர்டோ'வில் ஸ்டான் கெட்ஸின் டெனர். மூச்சும் ஸ்வரமும் எங்கே பிரிகின்றன என்றே தெரியாது. பழைய தேவாலயக் கட்டடத்தில் பதிவான, ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் கோல்ட்ரேன், ஆடர்லி என்று இரண்டு சாக்ஸபோன்கள். ஒரு எச்சரிக்கை: பதிவின்போது டேப் இயந்திரம் மெதுவாக ஓடியதால், இயல்பான வேகத்தில் ஓட்டும்போது பழைய பிரதிகளில் இசைத்தட்டின் முதல் பக்கத்தின் சுருதி சற்று ஏறி ஒலிக்கும். 1990களில்தான் சரிசெய்தார்கள். தம்புராவோடு வளர்ந்த காதுகள் திருத்திய பதிப்பையே வாங்கட்டும்.

இனி மும்பை ஃப்ளாட். 11 அடி அகல ஹாலில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சுமார் 51 ஹெர்ட்ஸில் நிலையலை (சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி தன்னோடு சேர்ந்து ஓரிடத்தில் ஓங்குவது) உருவாகும்; டபுள் பாஸின் ஓரிரு ஸ்வரங்கள் மட்டும் குமுறி டெனரின் அடிக்குரலை மறைக்கும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே நகர்த்தினால் குமுறல் குறையக்கூடும். டைல்ஸ் தரையில் ஜமக்காளம் விரித்தால் கூச்சல் கொஞ்சம் அடங்கும், குமுறல் அடங்காது. இடமே இல்லையென்றால் ஹெட்போன். 'வே அவுட் வெஸ்ட்' ஸ்டீரியோவில் சாக்ஸபோன் ஒரு பக்கம், பாஸும் டிரம்ஸும் மறுபக்கம் என்று பிரிந்திருப்பதால், ஹெட்போனில் கேட்கும்போது மட்டும் போன் செட்டிங்ஸில் இரு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலக்கும் 'மோனோ ஆடியோ'வைப் போட்டுக்கொள்ளுங்கள்.